துருவ நட்சத்திரம் கண்ட டக்ளஸ்

நூல் எழுதிப் புகழ் பெற்றோர் உலகில் பலர். பத்திரிகை நடத்திப் பெயர் பெற்றோரும் பலர். ஆனால், எழுத்தறிவதே குற்றம் எனக் கருதப்பட்ட கூட்டத்தில் பிறந்து, பிறர் அறியாமல் எழுத்துக் கற்று, தம் வரலாற்றைத் தாமே எழுதி, பின்னர்த் தமக்கென ஓர் அச்சுக்கூடமும் அமைத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைப் பணி புரிந்தவரைக் காண்டல் அரிது. அத்தகைய அரியவருள் ஒருவர் பிரெடரிக் டக்ளஸ் என்பார்.

அமெரிக்க நாட்டின் மேரிலாந்து மாநிலத்தில், டால்பட் மாவட்டத்தில், 1818ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். தாம் பிறந்த நாள் இன்னதென்று அவர் தம் வாழ்நாள் முழுவதும் அறிந்ததில்லை. அடிமைகளுக்கு அதனைச் சொல்வார் இல்லை; கேட்பதும் அடக்கமின்மையாகக் கருதப்பட்டது. தாயார் ஹாரியட் பெய்லி ஓர் அடிமைப் பெண். அவர் ஏறத்தாழப் பன்னிரண்டு மைல் தொலைவிலிருந்த வேறொரு பண்ணையில் வேலை செய்துவந்தார். பகலெல்லாம் உழைத்த பின் இரவில் நடந்து வந்து, மகன் அருகே சிறிது நேரம் படுத்திருந்து, விடியுமுன் திரும்பி நடப்பார். சூரியன் எழும் வேளையில் வயலில் இல்லாவிட்டால் கசையடி கிடைக்கும். இவ்வாறு தாயும் மகனும் சந்தித்தது நான்கைந்து முறைகளே. சிறுவனுக்கு ஏழு வயது இருக்கும்போது அவ்வம்மையார் இறந்தார். தந்தை யார் என்பதும் உறுதியாகத் தெரியவில்லை. அவர் ஒரு வெள்ளையர் என்பது மட்டும் தெரிந்தது. பாட்டி பெட்சி பெய்லியே சிறுவனை வளர்த்தார்.

முழங்கால் வரை தொங்கும் ஒரே ஒரு முரட்டுத் துணிச் சட்டையே அவனுக்குக் கோடையிலும் மாரியிலும் உடை. கடுங்குளிர் இரவுகளில் சோளம் கொண்டு செல்லும் கோணிப்பைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு வெறுந்தரையில் உறங்குவான். பனியால் பாதங்கள் பிளந்தன. அப்பிளவுகள் எத்துணை ஆழமானவை என்பதைப் பிற்காலத்தில் தம் நூலில் கூற வந்தபோது, தாம் எழுதிக்கொண்டிருந்த பேனாவையே அவர் அளவுகோலாகக் காட்டினார்.

1826ஆம் ஆண்டில் சிறுவனைப் பால்டிமோர் நகரத்திற்கு அனுப்பினர். ஆங்கே ஹியூ ஆல்டு என்பவர் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. வீட்டுத் தலைவியாகிய சோபியா அம்மையார் அதற்குமுன் அடிமைகளை வைத்து ஆண்டறியாதவர். ஆகவே அடிமையை எவ்வாறு நடத்துவது என்பதையும் அறியாதவர். அவர் விவிலியத்தை உரக்கப் படிக்கக் கேட்ட சிறுவன், தனக்கும் படிக்கச் சொல்லித்தர வேண்டினான். அவரும் மகிழ்ந்து எழுத்துகளைக் கற்பித்தார். மூன்று நான்கு எழுத்துகள் கொண்ட சொற்களைக் கூட்டிப் படிக்கும் அளவு பயிற்சி வந்தது. மனைவி செய்வதை அறிந்த கணவர் அன்றே அதனை நிறுத்தினார். படிக்கக் கற்ற அடிமை அடிமையாக இருக்கமாட்டான் என்பதே அவர் கூறிய காரணம்.

அக்காலத்தில் தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பதைச் சட்டமே தடை செய்தது. மேரிலாந்தில் அத்தகைய சட்டம் இல்லை. எனினும் வழக்கம் சட்டத்திற்குக் குறைந்ததன்று. ஆல்டு கூறியதைச் சிறுவன் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மறைக்கப்படும் பொருள் இத்துணை அஞ்சத்தக்கது என்றால், அதுவே தான் தேட வேண்டிய பொருள் என்று அவன் தெளிந்தான். ஆசிரியர் எவரும் கற்பிக்காத பாடத்தைத் தடுத்தவரே கற்பித்துவிட்டார்.

அதன்பின் தெருவே அவனுக்குப் பள்ளி ஆயிற்று. கடைக்குச் செல்லும்போது ரொட்டித் துண்டுகளை எடுத்துச் செல்வான். பசித்திருக்கும் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு அதனைக் கொடுத்து, பதிலாக ஒரு சொல் இரு சொல் என்று கற்பான். கப்பல் கட்டும் துறையில், எந்தப் பலகை கப்பலின் எந்தப் பகுதிக்கு உரியது என்பதைக் குறிக்கத் தச்சர்கள் மரத்தின்மீது எழுத்துகளை எழுதுவர். அவற்றைப் பார்த்து எழுதப் பழகினான். வேலியும் சுவரும் நடைபாதையும் ஏடுகள், சுண்ணக்கட்டி எழுதுகோல். பன்னிரண்டு பதின்மூன்று வயதில், காலணிகளுக்கு மெருகிட்டுச் சேர்த்த ஐம்பது சென்ட் கொடுத்து ஒரு நூலை வாங்கினான். பள்ளி மாணவர்க்கெனத் தொகுக்கப்பட்ட சொற்பொழிவு நூல் அது; கொலம்பியன் ஆரேட்டர் என்பது அதன் பெயர். ஆண்டை ஒருவனும் அடிமை ஒருவனும் எதிரெதிர் நின்று வாதிடும் உரையாடல் ஒன்றும் அதில் இருந்தது. வாதத்தில் வெல்பவன் அடிமை. சிறுவன் அதனைத் திரும்பத் திரும்பப் படித்தான்.

பின்வந்த ஆண்டுகள் கொடியவை. 1833இல் மீண்டும் நாட்டுப்புறத்திற்கு அனுப்பப்பட்டார். ஆங்கே சிலரைக் கூட்டி ஞாயிறுதோறும் படிப்புச் சொல்லத் தொடங்கியபோது, ஊரார் தடிகளுடன் வந்து வகுப்பைக் கலைத்தனர். அடங்காத அடிமைகளை அடித்து வழிக்குக் கொண்டுவருபவன் எனப் பெயர் பெற்ற கோவி என்பவனிடம் 1834இல் ஓராண்டு இருக்க நேர்ந்தது. வாரந்தோறும் அடி வாங்கியவர், ஒரு நாள் திருப்பி நின்று நெடுநேரம் மல்லாடினார். அதன்பின் கோவி அவரைத் தீண்டவில்லை. அடுத்த பண்ணையில் மீண்டும் வகுப்பு நடத்தினார். நாற்பது பேர் வரை வந்து படித்தனர். அகப்பட்டால் முதுகு கிழியும் என்று அறிந்தே அவர்கள் வந்தனர். தாம் செய்த வேலைகளுள் இதனைப்போல் மனத்திற்கு இனிதாயிருந்தவை சிலவே என்று பிற்காலத்தில் அவர் கருதினார்.

1836இல் தப்ப முயன்று அகப்பட்டுச் சிறை புகுந்தார். பின்னர்ப் பால்டிமோரில், கப்பல் பலகைகளின் இடுக்குகளில் நார் அடைத்து நீர் புகாமல் செய்யும் தொழிலைக் கற்றார். கூலி முழுவதும் ஆண்டைக்கே சென்றது. 1838ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், மாலுமி உடை பூண்டு, ஒரு மாலுமி இரவலாகத் தந்த அடையாளச் சீட்டுடன் புகைவண்டி ஏறினார். ஒரு நாள் கழியுமுன் நியூயார்க்கு அடைந்தார். வழிச்செலவிற்கு உதவியவர் ஆனா மர்ரே என்னும் நங்கை. அவர் அடிமை அல்லர். வீட்டு வேலை செய்து பிழைத்தவர். சில நாட்களில் அவரும் வந்து சேர, இருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

நியூயார்க்கில் புகலிடம் தந்தவரைப் பற்றி இங்கே ஒரு சொல் கூறவேண்டும். டேவிட் ரக்கிள்ஸ் என்னும் அவர் ஒரு கறுப்பினத்தவர். அந்நகரில் 1834இல் புத்தகக் கடை வைத்து அடிமை ஒழிப்பு நூல்களை விற்றவர். மறு ஆண்டே ஒரு கும்பல் அக்கடையை அழித்தது. அவர் ஓயவில்லை, பின்னர் ஓர் இதழும் வெளியிட்டார். நூலும் இதழும் இத்துணை இடர் தருவன என்பதைத் தப்பி வந்த இளைஞர் முதல் வாரத்திலேயே அறிந்துகொண்டிருப்பார்.

தம்பதியர் மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூ பெட்போர்டு நகரில் குடியேறினர். பிடிப்போர் அறியாதிருக்க, பெய்லி என்னும் குடும்பப் பெயரை விட்டு டக்ளஸ் என்னும் பெயரை மேற்கொண்டார். அவர் கற்ற தொழிலை அங்கே செய்ய இயலவில்லை; அவர் வந்தால் தாங்கள் வெளியேறுவதாக வெள்ளைத் தொழிலாளர் கூறினர். விறகு அறுத்தார், கரி வாரினார், மூட்டை சுமந்தார். அந்த வறுமையிலும் பாஸ்டனில் வில்லியம் லாயிடு காரிசன் நடத்திவந்த லிபரேட்டர் என்னும் அடிமை ஒழிப்பு இதழை வாரந்தோறும் படித்தார். 1841இல் நான்டக்கட் தீவில் நடந்த கூட்டத்தில் அவர் பேசிய பேச்சு கேட்டோரை உருக்கியது. அடிமை ஒழிப்புச் சங்கத்தார் அவரைத் தம் சொற்பொழிவாளராக அமர்த்திக்கொண்டனர்.

இங்கேதான் அவர் வாழ்வின் இரண்டாம் போராட்டம் தொடங்கியது. முதற்போராட்டம் பகைவரோடு, இது நண்பரோடு. சங்கத்தார் அவரிடம் வேண்டியது அவர் பட்ட அடிகளின் வரலாற்றை மட்டுமே. நிகழ்ந்ததைச் சொல்க, அதன் உட்பொருளை ஆராய்வதைத் தங்களுக்கு விட்டுவிடுக என்றனர். மிகத் திருத்தமாகப் பேசுதலும் வேண்டா, சிறிது பண்ணைக் கொச்சை கலந்திருப்பது நன்று என்றும் சிலர் அறிவுரை கூறினர். அவ்வாறு கூறியவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர் விடுதலைக்காகத் தம் பொருளையும் உழைப்பையும் தந்தவர்களே. அதனாலேயே அச்சொல் மிகுதியாக உறுத்தியது எனலாம். மறுபுறம், இத்துணை நன்றாகப் பேசுபவர் அடிமையாக இருந்திருக்க முடியாது என்று ஐயுற்றோரும் இருந்தனர்.

ஐயத்திற்கு விடையாக 1845இல் தம் வரலாற்றை நூலாக எழுதினார். பாஸ்டனில் அடிமை ஒழிப்புச் சங்க அலுவலகம் அதனை வெளியிட்டது. விலை ஐம்பது சென்ட். சிறுவனாக இருந்தபோது அவர் வாங்கிய முதல் நூலின் விலையும் அதுவே. காரிசனும் வெண்டல் பிலிப்ஸ் என்பவரும் முகப்பில் எழுதி, நூலின் உண்மைக்குச் சான்று பகர்ந்தனர். கறுப்பினத்தவர் எழுதிய நூலுக்கு வெள்ளையர் சான்று வேண்டும் என்பது அக்கால வழக்கம். நான்கு திங்களில் 5,000 படிகள் விற்றன.

மெய்ப்பிக்க வேண்டியே ஆண்டைகளின் பெயரையும் ஊரையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். ஆகவே நூல் விற்க விற்க அவர்க்கு இடர் பெருகியது. ஓடிய அடிமையைப் பிடித்துச் செல்ல ஆண்டைக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. தாம் எழுதிய நூலுக்காகவே நாட்டை விட்டு நீங்க வேண்டியவராகி, அவ்வாண்டே கப்பலேறி அயர்லாந்துக்குச் சென்றார். டப்ளின் நகரத்து அச்சகத்தார் ரிச்சர்டு வெப் அந்நூலை அங்கே மீண்டும் அச்சிட்டார். டக்ளஸ் கூட்டந்தோறும் படிகளைத் தாமே விற்று, அவ்வருவாயால் வாழ்ந்தார். இதற்கிடையில் அமெரிக்காவில் ஒருவர், தாம் அந்த அடிமையை முன்பே அறிந்தவர் என்றும், எழுத்தறியாத அவன் இந்நூலை எழுதியிருக்க முடியாது என்றும் மறுப்பு எழுதினார். டக்ளஸ் அம்மறுப்பை மறைக்கவில்லை; டப்ளினில் வந்த மறுபதிப்பின் பின்னிணைப்பில் அதனை முழுவதும் அச்சிட்டுத் தம் விடையையும் சேர்த்தார். தாம் ஆல்டு குடும்பத்து அடிமையாக இருந்ததற்குப் பகைவரே சான்று தந்துவிட்டார் என்று நன்றி கூறினார்! எழுத்தறியாமைக்கு விடையாக நூலே இருந்தது.

1846ஆம் ஆண்டு இறுதியில், நியூகாசில் நகரத்து ரிச்சர்ட்சன் குடும்பத்துப் பெண்மணிகள் முயன்று திரட்டிய 150 பவுன் ஆண்டைக்கு அளிக்கப்பட்டது. டக்ளஸ் சட்டப்படி விடுதலை பெற்றார். மனிதனுக்கு விலை கொடுப்பது அடிமை முறையை ஒப்புக்கொள்வதாகும் என்று கொள்கை பேசியோர் சிலர் குறை கூறினர். ஊர் திரும்பினால் விலங்கு காத்திருக்கும் நிலையில் இருந்தவர் அவர். குறை கூறியோர் அல்லர்.

1847இல் தாயகம் திரும்பியபோது, பத்திரிகை தொடங்குவதற்கென இங்கிலாந்து அன்பர்கள் ஏறத்தாழ 2,500 டாலர் நன்கொடை அளித்திருந்தனர். பாஸ்டன் நண்பர்கள் அதனை விரும்பவில்லை. காரிசனே தடுத்தார். இதழ்கள் முன்னரே உள்ளன, புதியது வேண்டுவதில்லை, பேச்சுக்குப் பிறந்தவர் பத்திரிகையில் சிக்கினால் இரண்டும் கெடும் என்பன அவர்கள் கூறிய காரணங்கள். கறுப்பினத்தார் தாமே நடத்திய முதல் இதழ் 1827இல் நியூயார்க்கில் தோன்றி இரண்டே ஆண்டுகளில் மறைந்தது. பின்வந்தவையும் பெரும்பாலும் நிலைக்கவில்லை. ஆகவே அந்த அச்சம் வெற்றச்சம் அன்று. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் அமர்ந்தறியாதவர் டக்ளஸ். ஆயினும், கறுப்பினத்தவன் தன் பொருட்டுத் தானே சிந்தித்துத் தானே அச்சிட முடியும் என்பதை வாதத்தால் மெய்ப்பிக்க இயலாது, செய்து காட்டியே மெய்ப்பிக்க வேண்டும் என்று அவர் துணிந்தார். காரிசன் இதழோடு போட்டியாக வேண்டா என்று எண்ணி, பாஸ்டனை விட்டு நெடுந்தொலைவில் நியூயார்க்கு மாநிலத்து ரோசெஸ்டர் நகருக்குச் சென்றார்.

1847ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் முதல் இதழ் வெளிவந்தது. அதன் பெயர் துருவ நட்சத்திரம். தப்பி ஓடும் அடிமைகள் இரவில் அந்த விண்மீனைக் கண்டே வடதிசை அறிந்து நடப்பர். அதனால் வந்தது அப்பெயர். மார்ட்டின் டெலனி உடனாசிரியராகவும், வில்லியம் நெல் வெளியீட்டாளராகவும் துணை நின்றனர், இருவரும் கறுப்பினத்தவரே. உண்மைக்கு நிறமில்லை, உரிமைக்கு ஆண் பெண் என்னும் வேறுபாடில்லை என்னும் கருத்தை இதழின் தலைப்பிலேயே பொறித்தனர்.

நகரத்தார் சிலர் இதழை வெறுத்தனர். அச்சுப்பொறியை ஒன்டாரியோ ஏரியில் எறிந்து, ஆசிரியரைக் கனடாவுக்குத் துரத்துமாறு நியூயார்க்குப் பத்திரிகை ஒன்று எழுதியது. நாளடைவில் வெறுப்புத் தணிந்தது, செலவு தணியவில்லை. வாரம் ஒன்றுக்கு ஏறக்குறைய 80 டாலர் ஆயிற்று. சந்தாதாரர் சராசரியாக 3,000 பேர். ஆண்டுச் சந்தா 2 டாலர். அதனையும் ஒழுங்காகச் செலுத்தாதவர் பலர். ஊர் ஊராகச் சென்று பேசி ஈட்டியதை ஆசிரியர் இதழில் இட்டார். அதுவும் போதாமல் குடியிருந்த வீட்டை அடமானம் வைத்தார். அந்நிலையில் 1849இல் ஜூலியா கிரிபித்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி வந்து கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். ஓராண்டில் விற்பனை 2,000 படிகளிலிருந்து 4,000 படிகளாக உயர்ந்தது, கடன் தீர்ந்தது, வீடு மீண்டது. இதழுக்குப் பொருள் திரட்ட அவர் 1853இலும் 1854இலும் கட்டுரைத் தொகுப்பு நூல்களையும் வெளியிட்டார். பத்திரிகை வரலாறு எழுதுவோர் ஆசிரியரைப் போற்றுவர். கணக்கு எழுதியவரைப் பெரும்பாலும் மறப்பர். நாம் மறவாதிருப்போம்.

டக்ளஸின் மைந்தர்களும் சிறுவயதிலேயே அச்சுக்கோக்கக் கற்றனர். காலையில் அச்சுக்கூடத்தைத் திறக்கச் சென்றால், இரவோடு இரவாகத் தெற்கிலிருந்து வந்த அடிமைகள் படிக்கட்டில் அமர்ந்திருப்பதுண்டு. உணவும் வழிச்செலவும் தந்து அவர்களைக் கனடாவுக்கு அனுப்ப வேண்டும். ஒரு சமயம் பதினொருவர் அவர் வீட்டில் ஒருங்கே தங்கியிருந்தனர். 1848 ஜூலையில் செனகா பால்ஸ் என்னும் ஊரில் பெண்ணுரிமை மாநாடு கூடியபோது, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்னும் தீர்மானத்திற்கு அங்கே தயக்கம் எழுந்தது. டக்ளஸ் எழுந்து அதனை ஆதரித்துப் பேசினார், தீர்மானம் நிறைவேறியது. அம்மாநாட்டு நடவடிக்கைகள் நூல் வடிவம் பெற்றது துருவ நட்சத்திர அச்சுக்கூடத்திலேதான்.

நாட்டின் அரசியலமைப்பு அடிமை முறைக்கு அரண் என்பது காரிசன் கொள்கை. டக்ளஸும் அவ்வாறே நம்பியிருந்தார். இதழ் நடத்துபவர் வாரந்தோறும் எதிர்வாதங்களுக்கு விடை எழுத வேண்டும். எழுதுவதற்குப் படிக்க வேண்டும். படிக்கப் படிக்க அவர் கருத்து மாறியது. அவ்வமைப்பைக் கொண்டே அடிமை முறையை ஒழிக்கலாம் என்று 1851இல் வெளிப்படையாக எழுதினார். அவ்வாண்டே மற்றோர் இதழும் இணைய, தாளின் பெயர் பிரெடரிக் டக்ளஸ் பத்திரிகை என்று ஆயிற்று. காரிசன் இதனை நன்றி மறந்த செயலாகக் கொண்டார். இரு தரப்பிலும் வன்சொற்கள் எழுந்தன. பழைய நட்பு அற்றது. இருவர்பாலும் மதிப்புடையோர்க்கு இன்றும் அது வருத்தம் தரும் செய்தியே.

1855இல் தம் வரலாற்றை மேலும் விரித்து இரண்டாம் நூல் எழுதினார். இம்முறை முன்னுரை எழுதியவர் ஜேம்ஸ் மக்யூன் ஸ்மித் என்னும் கறுப்பின மருத்துவர். பத்தாண்டுகளில் நேர்ந்த மாறுதலை அந்த முன்னுரைப் பக்கங்களே காட்டும்.

வார இதழ் 1860 வரை நடந்தது. அதனோடு தோன்றிய திங்களிதழ் 1863 வரை நீடித்தது. உள்நாட்டுப் போர் மூண்டபோது, கறுப்பின இளைஞர் படையில் சேருமாறு அதில் அறைகூவல் விடுத்தார். தம் மைந்தர் இருவரை முதலில் அனுப்பினார். 1865இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் 1869இல், போரிலிருந்து மீண்ட மைந்தர் லூயிஸ் தலைநகரில் அரசு அச்சகத்தில் அச்சுக்கோக்கச் சேர்ந்தபோது, அத்தொழிலாளர் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. தந்தைக்குக் கப்பல் துறையில் நேர்ந்ததே மகனுக்கு அச்சுக்கூடத்தில் நேர்ந்தது. டக்ளஸ் மீண்டும் பத்திரிகைத் துறையில் இறங்கினார். 1870 முதல் 1874 வரை வாஷிங்டனில் ஓர் இதழை நடத்தி, ஏறத்தாழ 10,000 டாலர் இழந்தார். பின்னர் அரசுப் பதவிகள் வகித்தார். எய்ட்டி நாட்டுக்கு அமெரிக்கத் தூதராகவும் இருந்தார். 1881இல் மூன்றாம் முறையாகத் தம் வரலாற்றை எழுதினார். 1895ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், பெண்கள் மாநாடு ஒன்றிற்குச் சென்று வீடு திரும்பிய அன்று மாலை உயிர் நீத்தார்.

அவர் தம் வாழ்வில் நேர்ந்த பேரிழப்புகளுள் ஒன்றாகக் கருதியது 1872ஆம் ஆண்டின் தீயை. ரோசெஸ்டரில் இருந்த அவர் வீடு ஓர் இரவில் எரிந்தது. வீட்டார் உயிர் பிழைத்தனர். கட்டி வைத்திருந்த இதழ்த் தொகுதிகள் பல சாம்பலாயின. அவற்றைப் பாதுகாத்து வைப்பதாக ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்தார் சிறிது காலம் முன்னரே கேட்டிருந்தனர். அவர் அனுப்பாது காலம் தாழ்த்திவிட்டார். சந்தாதாரர் வீடுகளில் தப்பிய தாள்களைத் திரட்டியே நூலகங்கள் இன்று அவ்விதழ்களைக் காத்து வருகின்றன. வரிசை முழுமையாக இல்லை.

அவர் தேடிக் கிடைக்காத மற்றொரு தாள் மட்டும் கெடாமல் இருந்தது. அது முதல் ஆண்டையின் அடிமைக் கணக்கேடு. ஹாரியட்டின் மகன் பிரெடரிக் 1818 பிப்ரவரியில் பிறந்தான் என்னும் குறிப்பு, உடைமைகளின் கணக்கில் ஒரு வரியாக அதில் காணப்படுகிறது. அவர் இறந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரே ஆராய்ச்சியாளர் அதனைக் கண்டெடுத்தனர்.